இடைவேளையில் பிழைத்த செடி

சனிக்கிழமை பத்து மணி நிகழ்ச்சிக்கு ஆறு மணிக்கே ஸ்டுடியோ வாசலில் வரிசை நின்றது. ஆளுக்கொரு வாடிய செடி. ஓர் அம்மாள் பிளாஸ்டிக் செடியையே தூக்கி வந்திருந்தார்.

"ரெண்டு வருஷமா ஒரு துளிர்கூட விடலைங்க. ஐயா கை பட்டா விடும்னாங்க."

ஐயா என்றால் தளிர் ஐயா. பட்ட மரத்தோடு பேசுவாராம். அதுவும் பதில் சொல்லுமாம். என்ன சொல்லிற்று என்று இன்றுவரை யாரும் கேட்டதில்லை.

அவர் வருவதற்கு முன் எட்டு வருஷமாக என் கணவர்தான் அந்த உள்ளூர் சேனலில் 'தொட்டித் தோட்டம்' நிகழ்ச்சியைத் தயாரித்தார். தொட்டிகளைச் சுமப்பது என் வேலை. மண், எரு, வேர்ப்புழு என்று ஒழுங்கான விஷயங்களைச் சொன்னோம். அதனால் பார்க்க ஆளில்லை. விளம்பரம் கொடுத்துவந்த பெயிண்ட் கடைக்காரர் விலகியதும் மேனேஜர் சொல்லிவிட்டார்: "வேற ஸ்பான்சர் பிடிங்க சார். இல்லேன்னா உங்க நேரத்துல பழைய படம் ஓட்டிடறேன்."

அந்த வாரமே தளிர் ஐயா காரில் வந்து இறங்கினார். முழுச் செலவும் அவருடையது. பதிலுக்குக் கடைசிப் பத்து நிமிஷம் மட்டும் போதுமாம். ஒட்டகம் கூடாரத்தில் மூக்கை மட்டும்தானே நீட்டுகிறது என்று நாங்களும் இடம் விட்டோம்.

அந்தப் பத்து நிமிஷம் இப்படிப் போகும். கறுப்புத் துணி போர்த்திய மேஜைமேல் துவண்ட கத்திரிச்செடி. ஐயா தண்டைத் தொட்டு முனகுவார். "எல்லாரும் கண்ணை மூடிக்குங்க. செடிக்குக் கூச்சம் ஜாஸ்தி" என்பார். காமிராக்காரரும் திரும்பி நிற்க வேண்டும். நேரடி ஒளிபரப்பு அந்தக் கணமே விளம்பரத்துக்குப் போகும். விளம்பரமும் அவர் பாட்டிலில் விற்கும் தளிர் நீருக்குத்தான். இடைவேளை முடியும்போது செடி நிமிர்ந்து நிற்கும். கைதட்டல் கூரையைப் பிளக்கும். பிரபஞ்ச சக்திக்கும் மூன்று நிமிஷ விளம்பரம் தேவைப்பட்டது.

எனக்குத்தான் கை உறுத்தியது.

"ஏங்க, இடைவேளைக்கு முன்னாடி அந்தத் தொட்டிய ஒரு கையில தூக்கறேன். முடிஞ்சப்புறம் ரெண்டு கை வேணும். அருளுக்கு இவ்வளவு கனமா?"

அவர் சிரிக்கவில்லை. "தெரியுது. ஆனா இந்தாளை விட்டா நிகழ்ச்சி அவ்வளவுதான்."

"இப்ப மட்டும் நிகழ்ச்சி இருக்கா?"

அவர் ஆபீஸ் மேஜையிலிருந்து காகிதத்தில் ஓட்டை போடும் பஞ்சிங் மெஷினை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மறு சனிக்கிழமை ஐயா முனக ஆரம்பிக்குமுன் என் கணவர் கத்திரிச்செடியின் பெரிய இலையில் கடக்கென்று ஓர் ஓட்டை போட்டார். "அடையாளத்துக்குங்க." ஐயாவின் முகம் ஒரு கணம் செடியைப்போல் துவண்டது. ஆனால் தொழில்காரர், சமாளித்துக் கண்ணை மூடச் சொன்னார்.

விளம்பரம் முடிந்தது. செடி நிமிர்ந்து நின்றது. இலைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிக் காட்டினார் என் கணவர். ஓட்டை இல்லை.

"பாருங்க, ஓட்டையக் காணோம்!" என்றார்.

கூட்டம் எழுந்து நின்றது. "ஓட்டையையே அடைச்சுட்டார்யா!" என்று ஒருவர் கண்ணீர் விட்டார். ஐயாவுக்கே அது புதுச் செய்தி. உடனே சுதாரித்துக் கையை உயர்த்தி ஆசி வழங்கினார்.

திருடனைப் பிடிக்கப் போய் மாலை போட்டுவிட்டோமே என்று எனக்கு வியர்த்தது. என் கணவர் அசரவில்லை.

"ரொம்ப சந்தோஷம் ஐயா. இதோ, இன்னொரு ஓட்டை. இடைவேளை வேண்டாம். எல்லாரும் கண்ணைத் திறந்துகிட்டே இருக்கட்டும். அடைச்சுக் காட்டுங்க."

"செடி களைச்சுப்போச்சு. ஓய்வெடுக்கணும்."

"என் செடிக்கும் இதத்தான் சொன்னாரு," என்றார் பிளாஸ்டிக் அம்மாள். "ரெண்டு வருஷமா ஓய்வுதான் எடுக்குது."

முதல் சிரிப்பு அங்கேதான் கிளம்பியது. நான் போய்க் கறுப்புத் துணியைத் தூக்கினேன். மேஜைக்கு அடியில், அதே மாதிரித் தொட்டியில், இலையில் ஓட்டையோடு துவண்டு கிடந்தது பழைய கத்திரிச்செடி. காமிரா குனிந்து அதன் முகத்தைப் பார்த்தது.

"விளம்பரம் போடுங்கய்யா!" என்று அலறினார் மேனேஜர்.

"சார், அவரோட விளம்பரம்தான் சார் இருக்கு!"

அதையே போட்டார்கள். அது முடிவதற்குள் ஐயா பின்வாசல் வழியாக மறைந்தார். அவர் செய்த ஒரே அசல் அற்புதம் அதுதான்.

அடுத்த வாரம் எங்கள் நேரத்தில் பழைய படம் ஓடியது. எட்டு வருஷம் அத்தோடு முடிந்தது. ஓட்டைச் செடியை வீட்டுக்குக் கொண்டுவந்து இவர் ஒரு சொம்பு குழாய்த் தண்ணீர் ஊற்றினார். சாயங்காலம் நிமிர்ந்துவிட்டது. "கேட்டுப் பாரு, இது என்ன சொல்லுதுன்னு" என்றார். "தாகமா இருந்துச்சாம்" என்றேன். அந்தச் செடியில் நாற்பது காய் பறித்தோம். ஓட்டை மட்டும் கடைசிவரை அடைபடவில்லை.

போன வருஷம் அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது, என் நாத்தனார் பாட்டிலோடு வந்தாள். யாரோ புது ஐயா கொடுத்த தண்ணீர். "ரெண்டு சொட்டு குடிண்ணா, எழுந்து உட்கார்ந்துடுவே. அதுவரைக்கும் டாக்டர் மருந்தை மட்டும் நிறுத்தணுமாம். அண்ணி, நீங்க கண்ணை மூடி வேண்டிக்கணும்."

பேசவே சிரமப்பட்ட நிலையிலும் அவர் என்னைத் தேடிப் பார்த்தார்.

"அந்தப் பஞ்சிங் மெஷின எடு," என்றார். "முதல்ல என் காதுல ஓட்டை போடு. எழுந்து உட்கார்றது நான்தானான்னு நாளைக்கு உனக்குத் தெரியணும்ல?"

மருந்தை நிறுத்தவில்லை. நாலாம் நாள் போய்விட்டார். மருந்தும் தோற்கும், ஆனால் அது யாரையும் கண்ணை மூடச் சொன்னதில்லை.

மெஷின் என் மேஜைமேல் இருக்கிறது. வேண்டியவர்கள் வந்து வாங்கிப் போகலாம். ஒன்றே ஒன்று: எவனாவது உங்களைக் கண்ணை மூடச் சொன்னால், அவன் கை எங்கே போகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் மேஜைக்கு அடியில் இருக்கும். இல்லையென்றால் உங்கள் பையில்.