தொப்பி யானைக்குக் குரல் கொடுத்த அத்திம்பேருக்கு

சின்ன காஞ்சிபுரம்,
18-8-2005

நங்கநல்லூர் அத்திம்பேர் ஸ்ரீ பூவராகவன் அவர்களுக்கு, மைத்துனன் பராங்குசம் அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொண்டது. இங்கு மங்கை சௌக்கியம், குழந்தை லக்ஷணா சௌக்கியம், டிவி சௌக்கியம், நீங்கள் கொடுத்த விசிடி ஒரு கீறல் இல்லாமல் பரம சௌக்கியம். அங்கு அக்காவும் நீங்களும் ஸ்ரீசரணும் அப்படியே இருக்கப் பெருமாளைப் பிரார்த்திக்கிறேன்.

நிற்க. அடுத்த வாரம் குழந்தையின் இரண்டாவது பிறந்தநாளுக்கு நீங்கள் வருவதாக மங்கை சொன்னாள். சந்தோஷம். ஆனால் ஒரு விண்ணப்பம் இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன் நான் பட்ட பாட்டைச் சொல்லியாக வேண்டும்.

போன வருஷம் ஆயுஷ்ஹோமத்துக்கு எல்லோரும் கொலுசு, கவுன் என்று கொடுத்தபோது நீங்கள் ஒரு விசிடியைக் கொடுத்தீர்கள். குழந்தைகளுக்கான தாலாட்டுப் பாட்டு எட்டு. தொப்பி போட்ட யானைக்குட்டி ஒன்று தும்பிக்கையால் போர்வையை இழுத்து விட்டுக்கொண்டு பாடும். அந்த யானைக்குக் குரல் நீங்கள். இன்சூரன்ஸ் ஆபீஸ் வேலையையும் பார்த்துக்கொண்டு ஸ்டூடியோவிலும் போய்ப் பாடுகிறாரே என்று நானும் நாலு பேரிடம் பெருமையாகத்தான் சொன்னேன். வினையை விலை கொடுக்காமல் வாங்கி வைத்திருக்கிறேன் என்று அப்போது தெரியவில்லை.

ராத்திரி எட்டரை ஆனால், "யானை மாமா போடு" என்கிறாள். போட்டால் இரண்டாவது பாட்டில் கண் சொக்கிவிடுகிறது. நான் பக்கத்தில் படுத்து மெல்ல வாயைத் திறந்தால், பிஞ்சுக் கையால் என் உதட்டைப் பொத்தி, "அப்பா பேசாதே" என்கிறாள். என்னைப் பார்த்து! நான் யார்? தெருக்கோடிப் பெருமாள் கோயிலில் பதினெட்டு வருஷமாகத் தினமும் ராத்திரி எட்டு மணிக்குப் பள்ளியறை முன்னால் தாலாட்டு சேவிக்கிறவன். உலகத்தையே படைச்சவர் நான் பாடித்தான் தூங்கறார். பதினெட்டு வருஷத்தில் ஒருநாள், ஒரே ஒருநாள், "பராங்குசம், நீ நிறுத்து, யானையைக் கூப்பிடு" என்று அவர் சொன்னதுண்டா? மங்கையிடம் சொல்லிப் புலம்பினால், "பெருமாளுக்கு வேற வழியில்லை, உள்ளே வெச்சுக் கதவைச் சாத்திடறேள். கொழந்தைக்கு ரிமோட் இருக்கே" என்கிறாள்.

ஆடி மாசம் ஒருநாள் சரியாக எட்டரைக்குக் கரண்ட் போயிற்று. சத்தியமாகச் சொல்கிறேன், மனசுக்குள் பெருமாளுக்குச் சர்க்கரைப்பொங்கல் நேர்ந்துகொண்டேன். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, இருட்டில், கனிவாக ஆரம்பித்தேன். அவள் வீறிட்டதில் எதிர்வீட்டில் தறி வைத்திருக்கும் கலியாணசுந்தரம் டார்ச்சோடு ஓடி வந்துவிட்டார். "இன்னா சாமி, கொழந்த இப்படிக் கத்திக்கினு இருக்குது, தேள் கீள் கடிச்சிடுச்சா?" "இல்லை, தாலாட்டுப் பாடறேன்" என்றேன். அவர் டார்ச்சை என் முகத்தில் ஒருமுறை அடித்துப் பார்த்தார். பிறகு, "கவலப்படாத சாமி, கரண்டு இப்ப வந்துடும்" என்று முதுகைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த ஆறுதல் எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை.

சரி, அவள் நம் வழிக்கு வராவிட்டால் நாம் அவள் வழிக்குப் போவோம் என்று, தலையணை உறையைத் தொப்பியாக மாட்டி, அங்கவஸ்திரத்தைச் சுருட்டி மூக்கிலிருந்து தொங்கவிட்டுக்கொண்டு, உங்கள் பாட்டையே உங்கள் குரலில் பாடிப் பார்த்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தக் குரல் வருவதற்காகத் தினமும் கொல்லைப்பக்கம் போய்ப் பழகினேன் ஐயா. குழந்தை சிரிச்சா சிரிச்சா, பதினோரு மணி வரைக்கும் சிரிச்சா. தூங்கவில்லை.

பழகினதன் பலன் போன வெள்ளிக்கிழமை கோயிலில் தெரிந்தது. பள்ளியறை முன்னால் நின்று ஆரம்பிக்கிறேன், வாயிலிருந்து வருவது உங்கள் யானை மெட்டு! பாசுரம் பாசுரந்தான், மெட்டு மட்டும் யானை. பாதியில் நிறுத்த முடியுமா? எப்படியோ முடித்தேன். சீனிவாச பட்டர் கதவைச் சாத்திவிட்டு நேரே என்னிடம் வந்தார். திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்தேன். "ஓய், பதினெட்டு வருஷத்துல இன்னிக்குத்தான் பெருமாள் நிஜமாத் தூங்கியிருப்பார். தினம் இப்படியே சேவியும்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். ஆத்திலும் நீங்கள், சன்னிதியிலும் நீங்கள் என்றால் நான் எங்கேதான் போய்ப் பாடறது? செவிலிமேடு பஸ் ஏறிப் பாலாற்று மணலில் உட்கார்ந்தா?

பொறாமை என்கிறாள் மங்கை. ஆமாம், பொறாமைதான், அதற்கு வேறு பெயர் வைப்பானேன். பெற்ற அப்பன் குத்துக்கல்லாட்டம் பக்கத்தில் இருக்க, என் பெண் உங்கள் குரலில் கண்ணை மூடுகிறாள் என்றால் எனக்கு வயிறு எரியாதா? இன்னும் ஒரு வருஷம், மிஞ்சிப்போனால் இரண்டு வருஷம். அப்புறம் அவளுக்கு யார் தாலாட்டும் வேண்டியிருக்காது. அதற்குள் ஒரே ஒரு ராத்திரி அவள் என் பாட்டைக் கேட்டுத் தூங்க வேண்டும். வேறு ஒன்றும் நான் கேட்கவில்லை.

ஆகவே விண்ணப்பம் இதுதான். வாருங்கள், விருந்து சாப்பிடுங்கள், அக்காவுக்குப் புடவை எடுக்கக் கடைகடையாக நானே கூட வருகிறேன். குழந்தை எதிரில் மட்டும் வாயைத் திறக்காதீர்கள். தொண்டை கட்டிவிட்டது என்று சைகை காட்டிவிடுங்கள். யானை மாமா நேரில் வந்துவிட்டார் என்று தெரிந்தால் அவள் உங்களோடு நங்கநல்லூருக்கே கிளம்பிவிடுவாள்.

அக்காவுக்கு என் நமஸ்காரங்கள். ஸ்ரீசரணுக்கு ஆசிகள், தீர்க்காயுசாக இருக்கட்டும். உங்கள் குரலும் நீடூழி வாழட்டும், சற்றுத் தள்ளி வாழட்டும்.

இப்படிக்கு,
பராங்குசம்

பி.கு.: உறையை ஒட்டப் போகிற நேரத்தில் அக்காவிடமிருந்து போன். டேப் ரெக்கார்டர் ரிப்பேராம், அதனால் ஸ்ரீசரண் இரண்டு நாளாகத் தூங்காமல் ரகளையாம். என்ன ஏது என்று விசாரித்தால், உங்கள் கிரகப்பிரவேசத்தில் நான் பாராயணம் பண்ணினதை யாரோ கேசட்டில் பிடித்தார்களாமே! அது ஓடினால்தான் உங்கள் பிள்ளை தூங்குவானாமே! நீங்கள் பாடினால் எழுந்து உட்கார்ந்துகொள்கிறானாமே! "ஏன்டி எனக்குச் சொல்லலை?" என்றேன். "உன் அத்திம்பேர்தான் சொல்லப்படாதுன்னுட்டார்" என்றாள். எனவே மேலே எழுதியதெல்லாம் ரத்து. அவசியம் வாருங்கள், ஸ்ரீசரணோடு வாருங்கள், லக்ஷணாவை மடியில் போட்டுக்கொண்டு எட்டுப் பாட்டையும் பாடுங்கள். நான் உங்கள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பேன். கேசட்டில் எந்த இடம் அவனுக்கு ரொம்பப் பிடிக்கும் என்றும் அக்காவிடம் கேட்டேன். "பத்து நிமிஷத்துக்கு மேல அவன் கேட்டதே இல்லைடா. அவன் என்ன, எங்காத்துல யாருமே கேட்டதில்லை. எல்லாருக்கும் கண்ணை அசத்திடறது" என்றாள். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.