ஃபேனை நிறுத்திவிட்டுக் கேட்ட பாட்டு

1975, மே 4, ஞாயிற்றுக்கிழமை. கத்திரி தொடங்கிய நாள். என் நாட்குறிப்பில் அன்றைய பக்கம் இப்படி இருக்கிறது: காலை 5.20க்கு எழுந்தேன். அடிபம்பில் பன்னிரண்டு குடம் தண்ணீர். 6.10க்கு ஷேவிங் (ஞாயிறு என்பதால் நிதானமாக). 6.45க்கு இட்லி, நான்கு. 7.15 முதல் 8.00 வரை இசைத்தட்டுகளை மெல்லிய துணியால் துடைத்தேன். 8.05க்கு ரிக்கார்டு பிளேயரின் முள்ளை, அதற்கென்றே வாங்கி வைத்திருந்த தூரிகையால், பின்னிருந்து முன்னாக மூன்று முறை தடவினேன். நான்காவது முறை தடவவில்லை, முள் தேயும்.

அதற்குக் கீழே ஒரே ஒரு வரி: "மாலை 4 மணிக்குத் தனத்தைப் பெண் பார்க்க வருகிறார்கள்."

தங்கையின் வாழ்க்கைக்கு ஒரு வரி, முள்ளுக்கு மூன்று வரி. இருபத்தொன்பது வயதில் நான் எப்படிப்பட்ட ஆசாமியாக இருந்தேன் என்பதற்கு வேறு வாக்குமூலம் தேவையில்லை.

அப்போது கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்திருந்த கம்பித் தொழிற்சாலை ஒன்றில் நான் ஸ்டோர் கீப்பர். எந்த அளவு போல்ட் எந்த அறையில் எத்தனை இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அந்த ஒழுங்கையெல்லாம் சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுவந்து என் ஸ்டீரியோ செட்டின் மேல் கொட்டுவேன். ரிக்கார்டு பிளேயர், ஆம்ப்ளிஃபையர், ஆளுயரத்தில் பாதிக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள். சென்னையில் ரேடியோ கடைகள் இருக்கும் சந்தில் எட்டு மாதம் முன்பு வாங்கியது. கடைக்காரர் ஒரு பாட்டுப் போட்டுக் காட்டட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, செட்டோடு வந்த தாளில் இருந்த எண்களை மட்டும் படித்தேன். (எண்களைப் படித்துச் செட்டு வாங்குவது, ஜாதகத்தை மட்டும் பார்த்துச் சாப்பாட்டு ருசியைத் தீர்மானிப்பது மாதிரி என்று இப்போது தெரிகிறது.)

வீட்டுக்கு வந்ததும் டேப் வைத்து அளந்தேன். பெட்டிக்கும் பெட்டிக்கும் ஏழடி. ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் நாற்காலிக்கு ஏழடி. நாற்காலியின் நான்கு காலுக்கும் தரையில் சாக்பீஸ் வட்டம். ஒயர் இணைப்பதிலும் ஒழுங்குதான். இடது பெட்டியில் சிவப்பு ஒயர் வெளிப்பக்கம் என்றால் வலது பெட்டியிலும் வெளிப்பக்கம்தான் இருக்க வேண்டும். அதுதானே பார்க்க அழகு? கண்ணாடியில் பார்த்த மாதிரி இரண்டு பக்கமும் அச்சாக இருந்தது. நானே பின்னால் நின்று கொஞ்ச நேரம் ரசித்தேன்.

பாட்டைப் போட்டால் குரல் முன்னாலிருந்து வரவில்லை. முதுகுக்குப் பின்னால், காதுக்குள், சில சமயம் கூரையிலிருந்து வந்தது. மெய்சிலிர்த்தது. இதுதான் ஸ்டீரியோ என்று முடிவு செய்துவிட்டேன். ஒருநாள் தனம் கூட்டும்போது ஒரு பெட்டியின் ஒயர் பிடுங்கிக்கொண்டது.

"ண்ணா, இப்பதான் பாட்டு நல்லா கேக்குது. ரெண்டும் ஓடுனா தபேலா எங்கியோ ஓடிப்பூடுது" என்றாள்.

"உனுக்கு இன்னா தெரியும்? போயி சோத்த வடி" என்றேன். இதையும் தேதியோடு எழுதி வைத்திருக்கிறேன்.

வரப்போகிறவர்கள் ஆரணிக்காரர்கள். பொன்னேரி பக்கத்து ஆரணி. மாப்பிள்ளையின் தகப்பனார் முனிரத்தினம் மைக் செட் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, தீமிதி எதுவானாலும் மரத்தில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டி ஊரை எழுப்புகிற தொழில். மாப்பிள்ளை பாஸ்கரும் அதிலேயே. சொந்தக்காரர் கல்யாணம் ஒன்றில் அவர் மைக் சரிபார்த்ததைத் தனம் பார்த்திருந்தாள். இதற்கு முன் வந்த மூன்று வரன்களுக்கும் வாயைத் திறக்காதவள், இந்த வரனுக்கு, "வரட்டும்" என்றாள். எங்கள் வீட்டில் அது பெரிய செய்தி.

நைனா (எங்கள் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) காலையிலேயே என்னைத் தனியாக அழைத்தார்.

"கோதண்டம், இன்னிக்கி ஒரு நாளு அந்தப் பொட்டிங்கள தொடாத. அவளே வாயத் தொறந்து ஒண்ணு கேட்டுக்கீறா. பேஜாரு பண்ணிடாத."

"நான் இன்னா பண்ணப் போறேன் நைனா?" என்றேன். மனதுக்குள் வேறு திட்டம். குழாய் கட்டுகிறவர்களுக்கு உண்மையான சங்கீதம் எப்படி இருக்கும் என்று ஒருமுறை காட்டிவிட வேண்டும்.

நாலு மணிக்கு ஒன்பது பேர் வந்தார்கள். பாயில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசினார்கள். முனிரத்தினம் மூலையைப் பார்த்து, "அட, ரெண்டு பொட்டி வச்சிக்கீறீங்களே தம்பி" என்றார். மரியாதைக்குத்தான் சொன்னார். அது எனக்குப் போதும்.

முதலில் அவரை எழுப்பிச் சாக்பீஸ் வட்டத்துக்குள் இருந்த நாற்காலியில் உட்கார வைத்தேன். தலையை இரண்டங்குலம் இடப்பக்கம் நகர்த்தச் சொன்னேன். பிறகு தெரு ஓசை வராமல் இரண்டு ஜன்னலையும் சாத்தினேன். பிறகு, கத்திரி தொடங்கிய அந்த மாலையில், ஃபேனை நிறுத்தினேன்.

"அய்ய, ஏம்பா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"ஃபேன் சத்தம் பாட்டுல கலக்கும்மா."

வந்தவர்களும் நைனாவும் அம்மாவுமாகப் பதினொரு பேர் ஒரு சின்ன அறையில் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் இசைத்தட்டை விளிம்பில் பிடித்து வைத்து, முள்ளை இறக்கி, உதட்டில் விரல் வைத்தேன். பாட்டு கூரையிலிருந்து இறங்கியது.

அப்போதுதான் தனம் காபித் தட்டோடு வந்தாள். பட்டுப்புடவை, மல்லிகை, தட்டில் ஒன்பது எவர்சில்வர் டம்ளர். அவள் ஓரடி வைத்ததும் டம்ளர்கள் கிலுகிலுத்தன. நான் பாய்ந்து போய் வாசற்படியிலேயே தடுத்தேன்.

"சத்தம் போடாத. பல்லவி முடியட்டும், அப்பறம் வா."

பெண் பார்க்க வந்த வீட்டில், பெண்ணைத் திருப்பி அனுப்பிய அண்ணன் இந்தத் திருவள்ளூர் மாவட்டத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். (அப்போது அது செங்கல்பட்டு மாவட்டம். அந்த மாவட்டத்துக்கும் சேர்த்தே சொல்கிறேன்.) அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நைனா என்னைப் பார்த்த பார்வையை எழுத என் நாட்குறிப்பில் இடமில்லை.

பல்லவி முடிந்து மறுபடி வந்தாள். சரணம் தொடங்கியிருந்தது. மறுபடி கையைக் காட்டினேன். தனம் நிற்கவில்லை. நேராக உள்ளே வந்து, காபித் தட்டை என் வலது ஸ்பீக்கர் பெட்டியின் மேல் வைத்தாள். வைத்தாள் என்பது மரியாதையான சொல்.

பெட்டி மேல் காபித் தட்டு!

முனிரத்தினம் நாற்காலியில் அசையாமல் கேட்டார்: "தம்பி, கொரலு எங்கேருந்து வருது?"

"எல்லாப் பக்கத்துலேருந்தும் வரும்! அதாங்க ஸ்டீரியோ" என்றேன் பெருமையாக.

"ஒரு பொட்டியோட ஒயர புடுங்கினா நல்லா கேக்கும். சொன்னா எங்க அண்ணன் ஒத்துக்காது" என்றாள் தனம், யாரையும் பார்க்காமல்.

பெண் பேசிவிட்டாள், அதுவும் புகார். சம்பந்தம் போயிற்று என்று நான்கூட நினைத்தேன். அப்போதுதான் பாஸ்கர், தன் தகப்பனாரைப் பார்த்து, முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"அவங்க சொல்றது கரெக்டு நைனா. ஒரு பொட்டி முன்னால தள்ளுது, ஒரு பொட்டி பின்னால இழுக்குது. ரெண்டுத்துக்கும் சண்ட. அதான் தபேலாவக் காணோம்."

"வந்தவொடனே எனுக்குத் தெரியும்டா" என்றார் முனிரத்தினம். "தம்பி இவ்ளோ ஆசையா பேசிக்கினு இருக்குதே, ஏன் கெடுக்கணும்னு உட்டுட்டேன்."

பாஸ்கர் எழுந்து ஆம்ப்ளிஃபையரை அணைத்தார். வலது பெட்டிக்குப் பின்னால் குந்தி, என் அழகான சிவப்பு ஒயரை உள்பக்கமும் கறுப்பை வெளிப்பக்கமும் மாற்றினார். சிவப்பு இரண்டு பெட்டியிலும் ஒரே கைப்பக்கம்தான் வர வேண்டுமாம். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எட்டு மாத ஸ்டீரியோ அந்த ஒரு நிமிடத்தில் முடிந்தது.

பாட்டு மறுபடி தொடங்கியபோது, குரல் இரண்டு பெட்டிக்கும் நடுவில், வெறும் சுவரில் தொங்கிய நாள்காட்டியிலிருந்து வந்தது. எதிரே ஒருவர் நின்று பாடுவது போல. அடுத்து தபேலா வந்தது. எட்டு மாதமாக வராதது எல்லாம் சேர்ந்து வந்தது. பெட்டி அதிர்ந்தது. மேலிருந்த ஒன்பது டம்ளரும் தாளத்தோடு ஆடத் தொடங்கி விளிம்பை நோக்கி நகர்ந்தன. தனம் பாய்ந்து இரண்டு கையாலும் பிடித்தாள். பிடிபடாத டம்ளர்களைப் பாஸ்கர் இந்தப் பக்கமிருந்து பிடித்தார். பாட்டு முடியும்வரை இரண்டு பேரும் என் ஸ்பீக்கர் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி நின்றார்கள். யாரும் பாட்டை நிறுத்தச் சொல்லவில்லை. அம்மா மட்டும் எழுந்துபோய், என்னைக் கேட்காமலே, ஃபேனைப் போட்டாள்.

கிளம்பும்போது முனிரத்தினம் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "பொண்ணப் பத்தி ஒரு கொறையும் இல்ல சம்மந்தி. காது நல்ல காது. மச்சானைப் பத்திதான் யோசனையா கீது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஒரு கணம் தாமதமாக.

"எங்களுக்கு சம்மதம். பொண்ணு இன்னா சொல்லுதுன்னு கேட்டு சொல்லி அனுப்புங்க. நாளைக்கு எங்க ஊருல ஒரு கல்யாண ஊட்டுக்கு செட்டு கட்டணும். ஒரு ஆளு கொறையுது. தம்பியே வந்து சேதி சொல்லிட்டு ஒரு கை குடுக்கட்டும். காது கொஞ்சம் தெளியும்."

அதற்குப் பிறகு நான் வாங்கிய செட்டுகள் நான்கு. பாட்டு வெறி பிடித்து யாராவது யோசனை கேட்டால் சொல்வேன்: கடைக்குப் போகும்போது மனப்பாடமாகத் தெரிந்த உங்கள் பாட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள். கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். பாடுகிறவர் எங்கே நிற்கிறார் என்று விரல் நீட்டிக் காட்ட முடியவில்லை என்றால், இன்னொரு செட்டுக்கு அலையாமல் முதலில் ஒரு பெட்டியின் ஒயரை மாற்றிப் பாருங்கள். கூட ஒரு ஆளை அழைத்துப் போங்கள். அந்த ஆளுக்கு எண்கள் படிக்கத் தெரியாமலிருந்தால் இன்னும் நல்லது. கடைசியாக, ஃபேன் ஓடும்போது ரசிக்க முடியாத செட்டு நம் ஊருக்கு உதவாது.

இதெல்லாம் நானே கண்டுபிடித்தது போலச் சொல்லும்போது பாஸ்கர் பக்கத்தில் இருந்தால், பேரப்பிள்ளைகள் வரை பழகிவிட்ட ஒரு கேள்வியை மட்டும் மெதுவாகக் கேட்பார்: "மச்சான், கொரலு எங்கேருந்து வருது?" நாற்பது பேர் கூடியிருந்தாலும் நாற்பது பேரும் கூரையைக் காட்டுவார்கள்.

அன்று மாலை தனம் என்னோடு பேசவில்லை. பாத்திரம் கழுவி முடித்த பிறகுதான், முதுகைக் காட்டியபடியே சொன்னாள்: "நாளைக்கி போவும்போது சரின்னு சொல்லிடு. அதுக்கு மேல ஒரு வார்த்த பேசாத."

மறுநாள், மே 5, திங்கள். வேலைக்கு லீவு. காலை 4.40க்கு எழுந்து முதல் பஸ்ஸில் ஆரணிக்குப் போனேன். முதல் வேலையாக என்னை ஏணியில் ஏற்றினார்கள். கல்யாண வீட்டு வேப்பமரத்தில் பன்னிரண்டடி உயரத்தில், ஒரு கையில் கிளையும் ஒரு கையில் குழாயும், பல்லில் கயிறுமாக நின்றேன். ஏணியைப் பிடித்திருந்த பாஸ்கர், பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, கீழிருந்து கேட்டார்:

"உங்க தங்கச்சி இன்னா சொன்னாங்க?"

வாயில் கயிறு இருந்ததால் நான் சரி என்று தலையை மட்டும் ஆட்டினேன். ஏணி ஒருமுறை ஆடியது. பிடித்திருந்தவர் கையை விட்டுவிட்டார்.