கவாத்து மாமாவின் ஈரல் பந்தல்

திராட்சைக்குத் தெளிக்கச் சுண்ணாம்பில் மயில்துத்தம் கரைக்கும் வாசம் எங்கே மூக்கில் ஏறினாலும், எனக்குள் ஒரு கத்தரி 'க்ரீச்' என்று திறந்துகொள்ளும். கவாத்து மாமாவின் கத்தரி. கம்பம் பள்ளத்தாக்கில் அந்தக் கத்தரிக்குத் தப்பியது மேகம் ஒன்றுதான். அதுவும் எட்டாத காரணத்தால்.

ராயப்பன்பட்டியில் எனக்கு அடுத்த வீட்டுக்காரர். திராட்சைக் கொடியைக் கவாத்து செய்வது தொழில். மற்றதையெல்லாம் வெட்டுவது சுபாவம். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் மாலையைப் பார்த்து, "அடர்த்தி சாஸ்தி, காத்தோட்டம் இல்ல" என்று ரோஜாக்களை நறுக்கினார். அத்தை தைத்த ஜன்னல் திரை ஒரே வாரத்தில் அரைத்திரை ஆனது. நான் கவிதையைக் காட்டினால் கடைசி வரியை விரலால் மறைத்து, "இங்கன நிப்பாட்டு மாப்ள" என்பார்.

அப்பேர்ப்பட்டவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. சிறுநீரகக் கல்லோ என்று உத்தமபாளையத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். கல் இல்லை, உரமூட்டை தூக்கிய பிடிப்புதான். ஆனால் கல்லைத் தேடிப் போன இடத்தில், ஈரலில் நீர்க்கட்டிகள்.

படத்தை வெயிலுக்குத் தூக்கிப் பிடித்தார். சாம்பல் வானத்தில் கறுப்பு வட்டங்கள்.

"ஏ மாப்ள, பன்னீர் திராட்சை! ஈரல்லயே பந்தல் போட்ருக்கு பாரு!"

சிரித்தார். ஆனால் அன்று சோறு இறங்கவில்லை. மறுநாள் அத்தை கண்ணைத் துடைத்தபடி வந்தார்.

"வெட்டியே தீரணும்னு மதுரைக்குக் கெளம்புறாக தம்பி. நல்லா இருக்க வயித்தக் கிழிச்சுக்கிட்டு வந்துருவாக போல."

மதுரைக்கு முன்னால், ஸ்கேன் எடுக்கச் சொன்ன உத்தமபாளையம் டாக்டரம்மாவிடம் ஒருமுறை கேட்கலாம் என்று இழுத்துப் போனேன்.

"வெறும் தண்ணிப் பை ஐயா. புத்துநோய் இல்ல. ரத்தப் பரிசோதனையும் நல்லா இருக்கு. மருந்து வேணாம், கத்தியும் வேணாம்."

"எந்தத் தண்ணிம்மா? பெரியாத்துத் தண்ணியா, போர்த் தண்ணியா?"

"உங்க சொந்தத் தண்ணி."

"உள்ள விதை?"

"கிடையாது."

"அட, விதையில்லா ரகம்!" ஒரு கணம் பெருமை. உடனே முகம் இருண்டது. "இருந்தாலும் இத வச்சுக்கிட்டு எப்படிம்மா ஒறங்குறது? ஊசி போட்டாவது உறிஞ்சிருங்களேன்."

"உறிஞ்சினா பெரும்பாலும் மறுபடி ஊறிக்கும்."

மாமா நிமிர்ந்தார். "அப்ப, வெட்டுனா துளிர்க்குற சாதியா?"

"அப்படித்தான் வச்சுக்கங்களேன்."

ஆயுள் முழுக்கத் துளிர்ப்பதற்காகவே வெட்டிய மனிதர். கத்தரியை இடுப்பில் ஆழச் செருகினார். "அப்ப தொடவே கூடாதும்மா!"

"வலி, காய்ச்சல், வயித்துல கனம், இப்படி ஏதாவது வந்தா மட்டும் வாங்க."

மதுரைப் பயணம் ரத்தானது. அதன்பின் காலையில் விலாவில் உள்ளங்கையை வைத்து, வெளியூர்ச் சொந்தக்காரரை நலம் விசாரிப்பதுபோல் நிற்பார். வாசலில் ஒரு காட்டுக்கொடி வருவோர் போவோர் முகத்தில் எல்லாம் அடித்தது. "வெட்டலையா மாமா?" என்றேன். "விட்டா என்னதான் பண்ணுதுன்னு பாப்பமே" என்றார். அந்த வயதில் அவருக்கு அப்படி ஒரு வேடிக்கை கிடைத்திருந்தது.

நான் வீட்டைக் காலி செய்த நாளில் பஸ் நிறுத்தம் வரை வந்தார். என் சட்டைப் பொத்தானில் ஒரு நூல் தொங்கியது. அவர் கை இடுப்புக்குப் போனது, வெறுங்கையாகத் திரும்பியது.

"இருந்துட்டுப் போகுது" என்றார்.

பஸ் உறுமியது. படியில் கால் வைத்தேன்.

"நீயும் இருந்துட்டு நாளைக்குப் போயேன் மாப்ள."