வைக்கல் டிவி

எனக்குத் தெரிந்து, தனக்குப் பின்னால் வருகிறவனுக்காகவே லாரி ஓட்டிய ஒரே மனிதர் வைக்கல் டிவிதான். எரியோடு சாலையில் அவருடைய வைக்கோல் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் வானம்கூடத் தெரியாது. அதனால் லாரியின் முகப்பில் ஒரு கேமராவை மாட்டி, பின்னால் பலகை தொங்கவிட்டார்: ‘முன்னால் உள்ள ரோட்டைப் பார்க்க உங்கள் போனை என் வண்டியோடு சேர்க்கவும். நெட் வேண்டாம்.’

லாரியிலிருந்து பின்வண்டிப் போனுக்கும், அதிலிருந்து அடுத்த வண்டிப் போனுக்கும் படம் தாவும். அதற்கான செயலியை டீக்கடை டீக்கடையாக நின்று அவரே ஏற்றிவிட்டார்.

“அண்ணே, பாட்டு வருமா?”

“பாட்டு வராதுலே, பஸ்ஸு வரும். அதப் பாத்தாப் போதும்.”

கடையே சிரித்தது. அவருடைய மைத்துனர் அந்த லாரியை முந்தப் போய்த்தான் எதிரே வந்த பஸ்ஸில் அடிபட்டுச் செத்தார். தெரிந்தே சிரிக்கும் ஊர் எங்களுடையது.

படம் தெரிந்ததும் முந்துவதையே சிலர் மறந்தார்கள். வேடசந்தூர் போகவேண்டிய கல்யாண வேன் ஒன்று, படம் பார்த்தபடியே அவர் லோடு இறக்கும் மாட்டுப்பண்ணைக்குள் போய் நின்றது.

ஒருநாள் லாரிக்குப் பின்னால் ஒரு கார், அதற்குப் பின்னால் ஸ்கூட்டரில் நான். போனில் காலி ரோடு. முந்த வலப்பக்கம் ஏறினேன். எதிரே பஸ்! கருவேலம் புதருக்குள் விழுந்து பிழைத்தேன்.

அவர் ஓடிவந்து என்னைத் தூக்கினார். காரையும் நிறுத்தி, என் போனை வாங்கிக்கொண்டு காருக்குப் பின்னால் நின்றார். என்னை லாரிக்கு முன்னால் அனுப்பினார்.

“சார், கையத் தூக்குங்க!”

“தூக்கி எறக்கிட்டேண்ணே!”

“இங்க போன்ல இப்பத்தான் கை ஏறுது…”

வண்டிக்கு வண்டி தாவுவதில் படம் பிந்தியிருந்தது. அங்கேயே ஸ்பேனரை எடுத்துக் கேமராவைக் கழற்றினார். “முடிஞ்சுபோன ரோட்டையில்ல சார் காட்டிருக்கேன்.”

“ஏண்ணே, டிவி ரிப்பேரா?” என்றது டீக்கடை.

அதன்பின் வலக்கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டியே ஓட்டினார். நில், வா என்று அந்தக் கை சொல்லும். லாரி முதலாளி அதே கேமராவை டிரைவர் முகம் பார்க்க உள்ளே மாட்டினார். கையை வெளியே நீட்டியது அதில் தெரிந்தது. ஒற்றைக் கையால் ஓட்டுகிறார் என்று வேலை போயிற்று.

லாரியை இப்போது வேறொருவர் ஓட்டுகிறார். ரோடு காலியாகத் தெரிந்தாலும் நான் அதை முந்துவதில்லை. அந்த ஜன்னலில் ஒரு கை வரட்டும் என்று பின்னாலேயே போகிறேன்.