நான் டெசிக்னேட் செய்த காதுகுத்து

ஒருத்தனுக்குப் புதுசாக ஒரு இங்கிலீஷ் வார்த்தை கிடைத்தால், ஒரு வாரத்துக்கு அவன் பக்கத்தில் யாரும் போகக் கூடாது. எனக்குக் கிடைத்த வார்த்தை டெசிக்னேட்.

பன்னிரண்டு வருஷம் முன்னால், ஒரு நூல் மில்லில் என்னை சூப்பர்வைசர் ஆக்கியிருந்தார்கள். ஒரு நாள் பயிற்சி. டை கட்டிய ஒருத்தர் அந்த வார்த்தையைப் போர்டில் எழுதினார். இன்ன ஆளுக்கு இன்ன பொறுப்பு, இன்ன அந்தஸ்து என்று பெயர் சொல்லிக் குறித்துக் கொடுப்பதுதான் டெசிக்னேட் என்றார். "யாராவது பாருங்கப்பா" என்றால் எவனும் பார்க்க மாட்டானாம். எங்கள் குடும்பத்தில் இத்தனை வருஷமாக என்ன கோளாறு என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. எங்கள் விசேஷங்களில் யாரையுமே டெசிக்னேட் செய்யவில்லை.

அடுத்த வாரமே வாடிப்பட்டியில் என் தங்கச்சி செல்வியின் மகள் யாழினிக்குக் காதுகுத்து. கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை. நான் ஒருத்தன்தான் தாய்மாமன். எங்கள் அப்பாவும் இல்லை. செல்வி என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"சீரு முன்னப் பின்ன இருந்தாலும் பரவாயில்லண்ணே. நீ நேரத்துக்குப் பிள்ளைய மடியில வச்சு உக்காந்துரு."

இதெல்லாம் ஒரு வேலையா என்று நினைத்தேன். (அப்போது எனக்கு மண்டைக்கனம். இப்போது வெறும் கனம்தான்.)

பழங்காநத்தத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பேட்ஜ் அடித்து, லேமினேஷன் போட்டு, ஊக்கு மாட்டி வாங்கினேன். வரவேற்பு, பந்தி, தண்ணீர் என்று ஆளுக்கொன்று. எனக்கு மட்டும் கொஞ்சம் பெரிசாக, 'தலைமை ஒருங்கிணைப்பாளர்'. எந்தக் கட்சிண்ணே என்று கடைக்காரர் கேட்டார்.

விசேஷத்தன்று காலையில் எல்லார் சட்டையிலும் குத்திவிட்டேன். எங்கள் சித்தப்பா எத்தனையோ பந்தி பார்த்தவர். அவருக்கு நான் போட்டது 'செருப்புப் பாதுகாப்பு'. போன விசேஷத்தில் நாலு ஜோடி காணாமல் போனதே என்று நல்ல எண்ணத்தில்தான் போட்டேன். மனுஷன் பேட்ஜைப் படித்தார். மண்டப வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வந்த சொந்தக்காரர்களுக்கெல்லாம் நெஞ்சை நிமிர்த்திக் காட்டினார்.

முதல் பந்தியிலேயே தண்ணீர் தீர்ந்தது. சித்தப்பா மகன் முருகன் கேனுக்குப் பக்கத்தில்தான் நின்றான். தூக்குடா என்றேன்.

"அண்ணே, நான் வரவேற்பு. தண்ணி வேற ஆளு."

போன விசேஷம் வரை சொல்லாமலே தூக்கியவன். அந்த வேற ஆளைத் தேடிப் பிடித்து நான் கத்திய கத்தலில், அவன் பேட்ஜைக் கழற்றி இலையில் வைத்துவிட்டு பைக்கில் போய்விட்டான். அதற்குப் பிறகு தண்ணீர், சாம்பார், எல்லாம் நானே.

மைக்கில் தாய்மாமனை மேடைக்குக் கூப்பிட்டார்கள். மூன்று தடவை. எனக்கு நன்றாகவே கேட்டது. எந்தப் பயல் இன்னும் போகாமல் இருக்கிறான் என்று திட்டிக்கொண்டே சாம்பார் ஊற்றினேன். யாரைப் போட்டோம் என்று பாக்கெட்டிலிருந்து பட்டியலைக்கூட எடுத்துப் பார்த்தேன். அதில் தாய்மாமன் என்று யாருமே இல்லை.

முருகன்தான் ஓடி வந்தான். "அண்ணே, அது நீதாண்ணே."

வாளியோடு ஓடினேன். நல்ல நேரம் முடியப் பத்து நிமிஷம். நேரமாகிறது, வேறு யார் மடியிலாவது வைத்துக் குத்திவிடலாம் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். செல்வி பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, எங்கண்ணன் வரட்டும் என்று ஒரே பிடியாக நின்றிருக்கிறாள். என்னைப் பார்த்ததும் அவள் கண் நிறைந்துவிட்டது. திட்டியிருந்தால் தேவலை.

உட்கார்ந்தேன். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு யாழினி சிரித்துக்கொண்டே மடிக்கு வந்தாள். அப்படியே அள்ளி அணைத்தேன். பேட்ஜ் ஊக்கு திறந்திருந்திருக்கிறது. பிள்ளை போட்ட அலறலில் மேளக்காரர் நிறுத்திவிட்டார்.

ஆசாரி ஊசியை எல்லாருக்கும் தூக்கிக் காட்டினார். "நான் இன்னும் குத்தவே இல்லீங்க."

முதலில் சிரித்தது செல்விதான். அழுதுகொண்டே சிரித்தாள். வாசலிலிருந்து சித்தப்பா எழுந்து வந்து என் பேட்ஜைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"பந்திய நான் பாத்துக்குறேன். நீ பிள்ளையப் பிடி."

பிடித்தேன். இரண்டு காதும் குத்தி முடிக்கிற வரைக்கும் அவள் என் தோளை விடவில்லை. குத்தினவனிடமே வந்து அழுகிறாள் பார் என்று கூட்டம் சிரித்தது. சித்தப்பா பார்த்த பந்தியில் தண்ணீர் ஒரு இலைக்குக்கூடக் குறையவில்லை. யாரைப் பார்த்தாரோ அவன் தூக்கினான், அம்புட்டுத்தான்.

யாழினிக்கு மூன்று காது குத்தியதாக எங்கள் சொந்தத்தில் இன்றைக்கும் சொல்வார்கள். எந்த விசேஷத்துக்குப் போனாலும், மேடை ஏறும் முன் என் சட்டையில் ஊக்கு இருக்கிறதா என்று யாராவது தடவிப் பார்க்காமல் விடுவதில்லை.

இந்த வருஷம் அவள் பத்தாவது. பள்ளிக்கூடத்தில் மாணவர் தலைவியாகப் போட்டிருக்கிறார்கள். வீட்டுக்குப் போனபோது பேட்ஜை என் கையில் கொடுத்து, நீங்களே குத்திவிடுங்க மாமா என்று எதிரே வந்து நின்றாள். ஊக்கை மூன்று தடவை திறந்து மூடிப் பார்த்தேன்.

அடுப்படியிலிருந்து செல்வி எட்டிப் பார்த்துக் கேட்டாள். "ஆசாரியக் கூப்பிடவாண்ணே?"