தொப்பி போட்ட பூசணிக்காய்

பேரன்பும் பெருமரியாதையும் கொண்ட அண்ணா அவர்களுக்கு,

தங்கை பணிவுடன் எழுதிக்கொள்வது. ஆண்டவன் கருணையால் நானும் உங்கள் மாப்பிள்ளையும் உங்கள் மருமகள் வாண்டுவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே உங்கள் ரத்த அழுத்தமும் அண்ணியின் முழங்காலும் அடங்கி ஒடுங்கி நடந்துகொள்ள வேண்டும் என்று காலையும் மாலையும் பிரார்த்திக்கிறேன். இந்த இடத்தில் ‘நிற்க’ என்று எழுதுவதுதான் முறை. ஆனால் நீங்கள் தயவுசெய்து உட்காருங்கள். அண்ணியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் அனுப்பிய பார்சல் இன்று காலை வந்து சேர்ந்தது. வழக்கம்போல ஒவ்வொன்றாக எடுத்து எண்ணிக் குறித்து வைத்தேன். பஞ்சு போன்ற கவுன் ஆறு, காது மூடும் தொப்பி இரண்டு, காலுறை நான்கு ஜோடி, கிலுகிலுப்பை ஒன்று, அடியில் அண்ணியின் கையெழுத்தில் ‘என் வேண்டுதல் வீண் போகவில்லை, குழந்தையைப் பார்க்க எல்லாரையும் கூட்டிக்கொண்டு வருகிறோம்’ என்று ஒரு சீட்டு. அந்தச் சீட்டைப் படித்ததும் எனக்குத் தலை கிறுகிறுவென்று சுற்றி, அரிசி டப்பாவைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணா, எனக்குக் குழந்தை பிறக்கவில்லை. நீங்கள் கேள்விப்பட்டது பூசணிக்காய்.

நீங்கள் படித்துவிட்டுப் போட்ட புத்தகங்களை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தவள் நான். எங்காவது பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ‘பூசணிக்காய்’ என்பது பிழை இல்லை. முதலிலிருந்து சொல்கிறேன்.

எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே வாண்டுவின் பள்ளிக்கூடம். நடுவில் ஒரு சாலை, அவ்வளவுதான். வீடு பார்க்க வந்த அன்று ‘ஆஹா, பள்ளிக்கூடம் வாசலிலேயே இருக்கே’ என்று நீங்கள்கூட மெச்சினீர்கள். பள்ளிக்கூடம் வாசலில்தான் இருக்கிறது, நடுவில் எமன் குடியிருக்கிறான் என்பது குடி வந்த பிறகுதான் தெரிந்தது. காலையில் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிற அப்பா அம்மாக்கள் ஆளுக்கொரு வண்டியில் வருகிறார்கள். தன் பிள்ளை பத்திரமாக இறங்க வேண்டும் என்பதற்காக வாசலை அடைத்து நிறுத்துகிறார்கள். மற்றவர் பிள்ளை அந்த வண்டிகளின் இடுக்கிலிருந்து தலையை நீட்டி எட்டிப் பார்த்து ஓட வேண்டும். போகிற லாரிக்காரனுக்கு அந்தத் தலை தெரியாது. நம்ம வீட்டுக் கேட்டை மறித்து தினமும் ஒரு வெள்ளைக் கார் பாதி நடைபாதையில் ஏறி நிற்கும். அந்தக் கார்க்காரர் என்னைப் பார்த்ததும் ரெண்டு விரலைக் காட்டி “ரெண்டே நிமிஷம்மா” என்பார். அவருடைய ரெண்டு நிமிஷத்தில் நான் சோறு வடித்து, ரசமும் வைத்துவிடலாம். ரோட்டில் முன்னே வெள்ளைக் கோடு இருந்ததாம், வண்டிகள் தேய்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டன. சாலை அலுவலகத்துக்கு மனு கொடுத்தேன். அவர்களும் அசட்டையாக இல்லை, ஓர் ஆளை நாற்காலி போட்டு உட்கார வைத்து எத்தனை குழந்தைகள் கடக்கிறார்கள் என்று கணக்கு எடுத்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்ட நாளில். ‘கடந்த குழந்தைகள் இல்லை, கடந்த நாய் ஒன்று, அதுவும் திரும்பி வந்துவிட்டது’ என்று எனக்குப் பதில் வந்தது.

உங்க மாப்பிள்ளை கண்ணாடிக் கடையில் தினமும் ஊரார் கண்ணையெல்லாம் சோதிக்கிறவர். அவரிடம் புலம்பினால், “இவங்க எல்லாருக்கும் பார்வை நல்லாத்தாம்மா இருக்கு, கடைசி வரி வரைக்கும் படிக்கிறாங்க, ஆளைத்தான் தெரிய மாட்டேங்குது” என்று சொல்லிவிட்டுத் தோசையைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். நான்தான் வாண்டுவின் கையை ஒரு கையாலும் உயிரை ஒரு கையாலும் பிடித்துக்கொண்டு தினமும் கடப்பேன். ஒருநாள் ஒரு பைக் அவளுடைய பையை உரசிக்கொண்டு போனது. திரும்பி வந்து பூஜை அலமாரி முன்னால் உட்கார்ந்து அழுதேன். ‘இருக்கிறது ஒண்ணே ஒண்ணு, இதைப் பத்திரமா அக்கரை சேர்க்க எனக்கு ஒரு வழி காட்டு’ என்று கேட்டேன். வழி கேட்டேனே தவிர, இப்படிப்பட்ட வழி கேட்கவில்லை.

காய்கறி வாங்குகிற பையின் காது அறுந்துபோச்சு. பரணில் வாண்டுவின் பழைய குழந்தை வண்டி இருந்தது. வருஷா வருஷம் யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று இறக்குவேன், துடைப்பேன், திரும்ப ஏற்றிவிடுவேன். ஏன் என்று நீங்கள் கேட்க வேண்டாம், நானும் சொல்ல வேண்டாம். அன்றைக்கு அதை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனேன். கொழுகொழுவென்று ஒரு பூசணிக்காய் கிடைத்தது. வரும்போது தூறல் பிடித்தது, சரி என்று ஒரு துண்டைப் போட்டுப் போர்த்தினேன். ரோட்டோரம் வந்து, வழக்கம்போல நிற்கலாம் என்று வண்டியை ஓர் அடிதான் முன்னால் விட்டேன். அண்ணா, கிறீச் என்று பிரேக். இந்தப் பக்கம் லாரி நின்றது. அந்தப் பக்கம் பஸ் நின்றது. பைக்கில் வந்தவன் காலை ஊன்றிக்கொண்டு “போங்கம்மா, பார்த்துப் போங்க” என்கிறான். லாரி டிரைவர் பாட்டை நிறுத்திவிட்டு உதட்டில் விரல் வைத்துப் பின்னாடி ஹாரன் அடித்தவனை அடக்குகிறார். கடல் ரெண்டாகப் பிளந்து வழி விட்ட மாதிரி நான் நடுவில் நடந்து போனேன். வீட்டுக்குள்ளே வந்துதான் எனக்கு மூச்சே வந்தது. துண்டை விலக்கிப் பூசணிக்காயைப் பார்த்தேன். கும்பிட்டேன்.

மறுநாள் காலை நானும் வாண்டுவும் பூசணிக்காயும் சேர்ந்து கடந்தோம். காம்பு துருத்திக்கொண்டு தெரிகிறது என்று வாண்டுதான் தன் பழைய தொப்பியைத் தேடி எடுத்து மாட்டினாள். “தம்பி” என்று பெயரும் வைத்துவிட்டாள். நாலைந்து நாளில் தெருப் பிள்ளைகள் எல்லாம் எங்கள் வாசலில் கூடிவிட்டார்கள், தம்பி வெளியே வந்தால்தான் பள்ளிக்கூடம். நான் வண்டியைத் தள்ள, பின்னால் வாத்துக் குஞ்சு மாதிரி வரிசை. ஒரு பிள்ளையும் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லவில்லை. பெரியவர்கள் வயிற்றில்தான் ரகசியம் தங்காது.

நான் பொய் சொன்னேனா என்று கேட்டால், ஆண்டவன் சாட்சியாக இல்லை. பதில்தான் சொன்னேன். “தூங்குதாம்மா?” என்று தினமும் அந்த நேரத்துக்கு வருகிற அதே லாரி டிரைவர் ஜன்னல் வழியாகக் கேட்பார். “அசையவே இல்லைங்க” என்பேன். “அழவே மாட்டேங்குதே!” “ரொம்ப சமத்துங்க.” “யார் ஜாடை?” “அப்பா ஜாடைதான்.” உங்க மாப்பிள்ளைக்குத் தலையில் முடி போய் வருஷமாச்சு, அதனால் அதுவும் பொய் இல்லை. நடுவில் அந்தப் பூசணிக்காயை வீணாக்க மனசில்லாமல் சமைத்துவிட்டு, சந்தையில் சின்னதாக அகப்பட்ட ஒன்றைப் படுக்க வைத்தேன். டிரைவர் பதறிப்போய், “என்னம்மா, குழந்தை இப்படி இளைச்சிருக்கு?” என்று மறுநாள் ஒரு சத்துமாவு டப்பா கொடுத்தார். வாங்கிக்கொண்டேன், வேறென்ன செய்ய? அதற்கு ஈடாக ஒரு டப்பா வாங்கிக் கோயிலில் ஓர் ஏழைக்குக் கொடுத்துக் கணக்கை நேர் செய்தேன்.

பேச்சைப் பரப்பியது மாடி வீட்டு அக்கா. அவங்க தம்பி பெண்டாட்டி உங்கள் பக்கத்தில் குடியிருக்கிறாள் என்பதை நான் மறந்தேபோனேன். “என்கிட்டகூட மறைச்சிட்டியே!” என்று அவங்க கோபித்துக்கொண்டபோது, “அக்கா, நான் உங்க கண்ணு முன்னாலதானே நடமாடினேன், தெரியாமலா இருக்கும்?” என்று கேட்டேன். “நீ எப்பவும் தொளதொளன்னுதானே உடுத்துவ, அதான் தெரியலை” என்று அவங்களே பதிலும் சொல்லிவிட்டார்கள். கண்ணாடிக் கடையில் உங்க மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்து வாழ்த்தி, முதலாளி அரைநாள் லீவும் கொடுத்து அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்று, “எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?” என்றார். தொப்பியை விலக்கி அவருக்குக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, “மூக்கு மட்டும் உங்க அண்ணன் மாதிரி இருக்கு” என்றார். கோபிக்காதீர்கள் அண்ணா, விளையாட்டுக்குச் சொன்னது.

அதோடு விட்டதா? ‘பதிவே பண்ணாத குழந்தை’ என்று கேள்விப்பட்டுச் சுகாதார நிலையத்து நர்ஸம்மா தடுப்பூசிப் பெட்டியும் எடைத் தராசுமாக வந்துவிட்டாங்க. ஊசி எடுத்த பிறகும் எப்படி மறைப்பது? தொப்பியைக் கழற்றினேன். அவங்க சிரித்த சிரிப்பில் பெட்டி கீழே விழப் பார்த்தது. “வந்ததுக்கு எடையாவது பார்ப்போம்” என்று தூக்கி வைத்து, “பரவாயில்லை, வயசுக்கு மேல இருக்கு” என்று சொல்லிவிட்டு, போகும்போது என் முகத்தை உற்றுப் பார்த்து, “உன்னைப் பார்த்தாதான் வெளுத்துப் போயிருக்கே, ஒருநாள் வா” என்றார்கள். நான் போகவில்லை. எனக்கென்ன, பூசணிக்காய்க் கூட்டு வாசனை வந்தாலே குமட்டுகிறது, தினமும் பிள்ளை மாதிரி தள்ளிக்கொண்டு போனதைத் தின்ன மனசு வராததுதான் காரணம்.

போன வாரம்தான் குட்டு உடைந்தது. வெள்ளைக் கார் நடைபாதையை அடைத்து நின்றதால் வண்டியைச் சுற்றிக்கொண்டு இறக்கினேன். சக்கரம் அவர் பம்பரில் மாட்டி ஒரு குலுங்கு குலுங்கியது. குழந்தையைக் கட்டுகிற வார் எப்போதோ அறுந்துபோனது, பூசணிக்காய்க்கு எதற்கு என்று நானும் தைக்கவில்லை. தம்பி தொப்பியோடு எகிறிக் குதித்து, நடுரோட்டில் உருள ஆரம்பித்துவிட்டான். “புள்ள! புள்ள!” என்று அலறிக்கொண்டு லாரி டிரைவர் ஓடுகிற வண்டியை நிறுத்திவிட்டுக் குதித்தார். மீசையும் தொந்தியுமாக அத்தனை பெரிய மனிதர் ரோட்டில் குப்புற விழுந்து ரெண்டு கையாலும் ஏந்திப் பிடித்தார். வெள்ளைக் கார்க்காரர் தலையில் அடித்துக்கொண்டு, “ஐயோ, நான்தான், நான் நிறுத்தினதாலதான்” என்று ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். டிரைவர் தொப்பியை விலக்கினார். பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி அதைப் பார்த்தார்.

“அம்மா, இது பூசணிக்காய்.”

“ஆமாங்க” என்றேன்.

வெள்ளைக் கார்க்காரருக்கு உயிர் வந்ததும் கோபமும் வந்துவிட்டது. “ஒரு பூசணிக்காய்க்காகவா தினமும் நாங்க எல்லாரும் நின்னோம்?” என்று எழுந்து குதித்தார். என் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்த வாண்டு எட்டிப் பார்த்து, “ஆமா மாமா, எங்களுக்காக நிக்கலையே” என்றாள். குறும்பாகச் சொல்லவில்லை அண்ணா, உள்ளதைச் சொன்னாள். அவர் போய்க் காரை எடுத்தார். மூன்று தெரு தள்ளி நிறுத்திவிட்டுத் தன் பிள்ளையைக் கையில் பிடித்து நடத்திக்கொண்டு வந்தார். அவர் நடந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

லாரி டிரைவர் பூசணிக்காயை மடியில் வைத்துக்கொண்டு சிரிக்கிறார், கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. “என்னைக் குப்புற விழ வெச்சிட்டியேம்மா!” என்றார். அவர் லாரியில் ஏற்றிப் போவது பெயின்ட் டப்பா. இது எனக்கு அதுவரை தெரியாது, ஆண்டவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அவரும் வெள்ளைக் கார்க்காரரும் உங்க மாப்பிள்ளையும் தெருப் பிள்ளைகளும் சேர்ந்து ரோட்டில் பட்டை பட்டையாக வெள்ளைக் கோடு போட்டார்கள். கண் சோதிக்கிறவர் கயிறு பிடித்ததால் கோடு கொஞ்சம் கோணல். மறுநாள் சாலை அலுவலகத்திலிருந்து ஆள் வந்து, யார் போட்டது என்று கேட்டு, யாரும் சொல்லாததால், தாங்களே போட்டதாக ஒரு பலகை நட்டுவிட்டுப் போனார்கள். இப்போது எல்லா வண்டியும் நிற்கிறது. முன்னே போலக் குழந்தை வண்டிக்காக இல்லை, குழந்தைகளுக்காக. லாரிக்காரர் மட்டும் ஜன்னலில் தலையை நீட்டி, “தம்பி சௌக்கியமா?” என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்புவார்.

ஆகவே அண்ணா, இதுதான் நடந்தது. அண்ணியின் வேண்டுதலை நினைத்தால்தான் எனக்கு மனசு கேட்கவில்லை. எங்களுக்கும் அந்த ஆசை இருந்தது, அது ஆறிப்போய் வெகு நாளாச்சு என்று பக்குவமாகச் சொல்லுங்கள். கவுன் ஆறு, தொப்பி இரண்டு, காலுறை நான்கு ஜோடி, கிலுகிலுப்பை ஒன்று, எல்லாவற்றையும் மடிப்புக் கலையாமல் திருப்பி அனுப்புகிறேன், சரிபார்த்து வாங்கிக்கொள்ளவும். திரும்பப் பரணில் ஏற்றிய வண்டியையும் இந்த வாரம் யாருக்காவது கொடுத்துவிடப் போகிறேன், இந்தத் தடவை நிஜமாகவே. ஊரைக் கூட்டிக்கொண்டு வர வேண்டாம். அண்ணி கால்களுக்கு என் வணக்கம். உங்கள் இருவருக்கும் ஆண்டவன் நீண்ட ஆயுளும், நடக்கிற வழியெல்லாம் நின்று பார்க்கிற டிரைவர்களும் தரட்டும்.

என்றும் உங்கள் பாசமுள்ள,
தங்கை

பின்குறிப்பு: உறையை ஒட்டுகிற நேரத்தில் நர்ஸம்மா வந்துட்டாங்க. காலையில அரிசி டப்பாவோட நான் உட்கார்ந்ததை வாண்டு போய்ச் சொல்லிக் கூட்டிட்டு வந்திருக்கா. நர்ஸம்மா நாடி பார்த்தாங்க, நாக்கைப் பார்த்தாங்க, அப்புறம் ஒரு கணக்கு கேட்டாங்க. பால் கணக்கு, பருப்புக் கணக்கு, வெளுக்கப் போட்ட துணிக் கணக்குன்னு எல்லாத்தையும் எழுதி வைக்கிற நான், அந்த ஒரு கணக்கை மட்டும் பார்க்காம விட்டிருக்கேன். சோதிச்சும் பார்த்தாச்சு அண்ணா, ரெண்டு தடவை. அதனால மேலே எழுதியிருக்கிறதுல ‘இல்லை’ன்னு வர்ற இடத்தையெல்லாம் அடிச்சுட்டுப் படிங்க. பார்சலைத் திருப்பி அனுப்பலை. உங்க மாப்பிள்ளைகிட்ட சொன்னா நம்பாம, “இந்தத் தடவை என்ன காய்?”ங்கறார். மாடி வீட்டு அக்கா, “நான் அப்பவே சொன்னேன்ல!”ங்கறாங்க. வாண்டு மட்டும், “இந்தத் தம்பியாவது அழுவானா?”ன்னு கேட்டுட்டு, பரணுக்கு ஏணி போட்டுட்டு நிக்கிறா. எல்லாரையும் கூட்டிட்டு வாங்க. வரும்போது மறக்காம, குழந்தை வண்டிக்கு உறுதியா ஒரு வார் வாங்கிட்டு வாங்க.