இரண்டாம் ஜன்னலில் கூட்டம் குறைவு

ஒரு காட்டில், ஆடியில் வற்றி ஐப்பசியில் நிரம்பும் குளம் ஒன்று இருந்தது. குளத்தில் தவளைகள் இருந்தன. தவளைகளுக்குப் பிள்ளைகள் இருந்தன. பிள்ளைகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு இருந்தது. ஆகவே குளத்தில் நிம்மதி இல்லை.

அந்த ஆண்டு கார்மேகம் என்ற தவளையின் மகள் மழைச்செல்வி அறுநூற்றுக்கு ஐநூற்று எண்பத்திரண்டு வாங்கிவிட்டாள். குளமே திரண்டு வந்து புத்தி சொன்னது. நண்டு, "இன்ஜினியரிங்ல போடுங்க, கண்ண மூடிக்கிட்டுப் போடுங்க" என்றது. இன்ஜினியரிங் முடித்துவிட்டு மூன்று வருஷமாக வளையில் சும்மா கிடக்கும் நண்டு அது.

"நான் விலங்கியல் படிக்கப் போறேன்" என்றாள் மழைச்செல்வி.

கத்திக்கொண்டிருந்த தவளைகள்கூட வாயை மூடின. அம்மா அல்லிதான் முதலில் பேசினாள். "ஏன்டி, அது நம்மள வச்சுப் படிக்கிற படிப்பாச்சேடி! நாம படிக்கிற படிப்பா அது?"

"எனக்கு என் வால் எங்க போச்சுன்னு தெரியணும்மா."

இது பழைய வழக்கு. மழைச்செல்வி தலைப்பிரட்டையாக இருந்தபோது அவளுக்கு ஒரு வால் இருந்தது. நல்ல வால். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் காணோம். அப்பாவிடம் கேட்டாள். "போனது போச்சு, காலு வந்துச்சுல்ல?" என்றார். அம்மாவிடம் கேட்டாள். "எங்கயாவது வச்சிருப்ப, தேடிப் பாரு" என்றாள். வாத்தியாரிடம் கேட்டாள். அது பாடத்திட்டத்தில் இல்லை என்றார். அன்றிலிருந்து அந்தப் பெண்ணுக்குத் தூக்கம் இல்லை. தன் உடம்பிலிருந்த ஒரு பொருள் தனக்கே தெரியாமல் காணாமல் போனால் யாருக்குத்தான் தூக்கம் வரும்?

சரி, விலங்கியல். எந்தப் பல்கலைக்கழகம்?

கல்வி ஆலோசகர் ஓணானைப் போய்ப் பார்த்தார்கள். ஓணான் மூன்று கையேடுகளை எடுத்துப் போட்டது.

முதலாவது, மலை உச்சிப் பல்கலைக்கழகம். நிறுவனர் கழுகு. மாணவர்களை வீட்டுக்கே வந்து தூக்கிச் செல்லும் வாகன வசதி உண்டு. "நல்ல காலேஜா?" என்று கேட்டார் கார்மேகம். ஓணான் தலையை ஆட்டியது.

இரண்டாவது, ஆற்றங்கரை நிகர்நிலைப் பல்கலைக்கழகம். வேந்தர் முதலை. நூறு சதவீத வேலைவாய்ப்பு. சேர்ந்தவர்களில் ஒருவர்கூட வேலையில்லாமல் ஊர் திரும்பியதில்லை என்று அட்டையிலேயே போட்டிருந்தது. "இதுவும் நல்ல காலேஜா?" ஓணான் தலையை ஆட்டியது. "அப்ப எதுதான்யா மோசம்?" அதற்கும் ஆட்டியது. ஆலோசனைக் கட்டணமாக ஆறு ஈக்களை எண்ணி வாங்கி விழுங்கிக்கொண்டது.

மூன்றாவது, ஆலமரத்தடியில் இருக்கும் பழைய அரசுப் பல்கலைக்கழகம். அந்தக் கையேட்டைப் புரட்டிய கார்மேகம் நான்காம் பக்கத்தில் துள்ளினார். தவளை துள்ளுவது சகஜம்தான். இவர் ஓணான் தலைக்கு மேல் துள்ளினார்.

"அடியே அல்லி! என் தம்பிடீ! ஐப்பசிராசுடீ! புஸ்தகத்துலயே போட்டோ போட்டிருக்காங்க!"

ஐப்பசிராசு பன்னிரண்டு வருஷத்துக்கு முன் இதே பல்கலைக்கழகத்தில் சேரப் போனவர். திரும்பி வரவில்லை. கடுதாசியும் இல்லை. "உள்ளே பெரிய இடத்தில் இருக்கிறான், நேரமில்லை" என்று கார்மேகம் குளத்தில் சொல்லி வைத்திருந்தார். இப்போது சாட்சி கிடைத்துவிட்டது. படத்தில் ஐப்பசிராசு கண்ணாடி அறைக்குள் கம்பீரமாக நின்றிருந்தார். கீழே 'ரானா டைக்ரினா' என்று அச்சிட்டிருந்தார்கள்.

அல்லி படத்தை உற்றுப் பார்த்தாள். "ரானா டைக்ரினாங்கிறது யாருங்க? நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்லாம வெளியூர்ப் பொண்ணக் கட்டிக்கிட்டாரா உங்க தம்பி?"

"கட்டிட்டுப் போறான் விடு. எந்த இடத்துல சீட்டு வாங்கணும்னாலும் உள்ள நம்ம ஆள் ஒருத்தர் இருக்கணும். நமக்குச் சொந்தத் தம்பியே இருக்கான். வேற என்ன வேணும்?"

அதற்கு மேல் எந்தப் பல்கலைக்கழகம் என்ற பேச்சே எழவில்லை.

சேர்க்கை நாளன்று மூவரும் விடியலில் கிளம்பி ஆலமரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே இரண்டு ஜன்னல்கள் இருந்தன. ஒன்றாம் ஜன்னலுக்கு எதிரே முயல், முள்ளம்பன்றி, மான்குட்டி, அவர்களுடைய பெற்றோர், பெற்றோருடைய குடை என்று வரிசை ஓடைவரை நீண்டு கிடந்தது. ஜன்னலுக்குள் உட்கார்ந்திருந்த ஆமை எல்லாரையும் ஏசிக்கொண்டிருந்தது. "போட்டோ நாலு கேட்டா மூணு கொண்டாந்தா எப்படி? போ, போ. நாளைக்கு வா."

இரண்டாம் ஜன்னலில் எட்டே பேர். எட்டுப் பேரும் தவளைகள். மேலே 'விலங்கியல் துறை – வரவு' என்று பலகை. உள்ளே ஒரு கொக்கு சிரித்த முகத்தோடு நின்றிருந்தது.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். கார்மேகம் காலால் கெடுகிறவர். எங்கே போனாலும் கூட்டம் குறைந்த வரிசையைத் தேடி அந்தக் கால்கள் தாமாகப் போய் நிற்கும். ஒருமுறை ரேஷன் கடையில் அப்படிப் போய் நின்று, யாருக்கும் வேண்டாத யானைச் சாணம் ஒரு மூட்டை வாங்கி வந்தார். "ஆனா அஞ்சே நிமிஷத்துல வாங்கினேன்" என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார்.

"நான் இங்க இடம் பிடிச்சு நிக்கிறேன். நீங்க போயி தம்பியப் பாத்து ஒரு சிபாரிசு வாங்கிட்டு வந்துருங்க" என்று அவர் இரண்டாம் ஜன்னலில் ஒன்பதாம் ஆளாக நின்றுகொண்டார்.

விலங்கியல் துறை அருங்காட்சியகத்தின் மூன்றாம் தட்டில், ஒரு கண்ணாடி ஜாடிக்குள் ஐப்பசிராசு இருந்தார். கழுத்துவரை ஸ்பிரிட். தலைக்கு மேலே இறுக மூடிய மூடி.

அல்லிக்குப் பூரிப்பு தாங்கவில்லை. "கொழுந்தனாரே, நல்லா இருக்கீங்களா? தனி ரூம் குடுத்திருக்காங்க, தண்ணியும் உள்ளயே வச்சுக் குடுத்திருக்காங்க. பெயர்ப்பலகையெல்லாம் மாட்டியிருக்காங்களே! எங்க உங்க வீட்டுக்காரி, அந்த டைக்ரினா?" ஐப்பசிராசு பதில் சொல்லவில்லை. "பாத்தியாடி, பெரிய பதவிக்கு வந்ததும் சொந்தக்காரங்க கண்ணுக்குத் தெரியல."

மழைச்செல்வி ஜாடியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தாள். 'இனம்: ரானா டைக்ரினா. வரவு: இரண்டாம் ஜன்னல். நிலை: நிரந்தரம்.'

"நிரந்தரமா! பர்மனென்ட் ஆயிட்டாரா!" என்று அல்லி கண் கலங்கினாள்.

மழைச்செல்வி சித்தப்பாவின் கையைப் பார்த்தாள். மூடிய விரல்களுக்குள் மூன்று பாஸ்போர்ட் சைஸ் போட்டோக்கள் ஊறிப்போய் இருந்தன. நான்காவதைச் சீட்டில் ஒட்டியிருந்தார்கள். படிக்க வந்த மனிதர் நாலு போட்டோ எடுத்துக்கொண்டு முறையாகத்தான் வந்திருக்கிறார். அண்ணனைப் போலவே கூட்டம் இல்லாத வரிசையில் நின்றிருக்கிறார். அவ்வளவுதான் அவர் செய்த தப்பு. மழைச்செல்வி அழுதாள். தவளை அழுவது வெளியே தெரியாது. எப்போதும் ஈரமாக இருப்பதில் அது ஒரு வசதி.

பிறகுதான் அவளுக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது. இதயத்தில் இருக்கிற மூன்று அறைகளும் ஒன்றாக அடித்துக்கொண்டன. ஒரே தாவலில் வாசலுக்கு வந்தாள்.

வரிசை மளமளவென்று நகர்ந்திருந்தது. ஏழு பேர் உள்ளே போய்விட்டார்கள். கார்மேகத்துக்கு முன்னால் தெற்குக் குட்டையைச் சேர்ந்த ஆலங்கட்டி என்ற பருத்த தவளை மட்டும்தான் பாக்கி.

"அண்ணே, உள்ள போகாதீங்க! அது படிக்கிறதுக்கான வரிசை இல்ல, அறுக்கிறதுக்கான வரிசை!"

ஆலங்கட்டி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஓஹோ. என்னய நகர வச்சுட்டு உங்க அப்பன முன்னாடி விடப் பாக்குறியா? நாங்க எத்தனை வரிசை பாத்திருக்கோம்!" என்று ஜன்னலோடு ஜன்னலாக ஒட்டிக்கொண்டார். கொக்கு அவரை அன்போடு உள்ளே அழைத்துக்கொண்டது.

அடுத்தது கார்மேகம். "வாங்க, வாங்க. வெயில்ல நிக்க வச்சுட்டேனா? மோர் குடிக்கிறீங்களா?" என்றது கொக்கு. தொடையை அளந்து எழுதிக்கொண்டது. மகளுக்கு விளையாட்டு ஒதுக்கீடு கிடைக்கப்போகிறது என்று கார்மேகம் மகிழ்ந்தார். "படிக்கப் போறது என் மக" என்றார். "நீங்களும் சேரலாமே! இங்க வயசு வரம்பே கிடையாது" என்றது கொக்கு. எட்டாம் வகுப்போடு நின்றவர் கார்மேகம். எனக்கும் சீட்டா என்று கேட்டார். ஒரு காலைத் தூக்கி ஜன்னலுக்குள் வைத்தார்.

கத்திப் பயனில்லை என்று மழைச்செல்விக்குத் தெரிந்துவிட்டது. ஒன்றாம் ஜன்னலில் ஆமை ஏசுவது காதில் விழுந்தது. சட்டென்று அவள் குரலை ஆமைக் குரலாக மாற்றிக்கொண்டாள்.

"சார், இவர அட்டெஸ்ட் பண்ணியாச்சா?"

கொக்கு திடுக்கிட்டது. "அட்டெஸ்டா?"

"பச்சை மையில கையெழுத்து வேணும்ல? விதி பதினேழு, உட்பிரிவு இ."

"ஆளே பச்சையாத்தானே இருக்காரு?"

"ஆளு பச்சை. கையெழுத்து எங்க?"

அப்படி ஒரு விதி கிடையாது. ஆனால் கிடையாது என்று சொல்ல அந்த அலுவலகத்தில் யாருக்கும் தைரியம் கிடையாது. கொக்கின் சிரிப்பு மறைந்தது. "அட்டெஸ்ட் இல்லாம ஏன்யா வந்து நிக்கிற? போ, போ. நாளைக்கு வா" என்று கார்மேகத்தின் காலைத் தூக்கி வெளியே போட்டு ஜன்னலைச் சாத்தியது.

உயிர் பிழைத்த கார்மேகம் அன்று மகளிடம் சொன்ன முதல் வார்த்தை இது: "பாவி! கால உள்ள வச்சிட்டேனேடி!"

மழைச்செல்வி நீண்ட வரிசையின் கடைசியில் போய் நின்றாள். பத்தொன்பது நாள் நின்றாள். ஆமை அவளைப் பதினோரு முறை திருப்பி அனுப்பியது. பிறப்புச் சான்று கேட்டது. அவள் பிறந்தது தண்ணீருக்குள், முட்டையாகவா தலைப்பிரட்டையாகவா, எதைப் பிறப்பு என்பது என்று மூன்று நாள் வழக்கு நடந்தது. இதற்கிடையில் உள்ளே போன எட்டுப் பேரும் பெரிய கண்ணாடித் தொட்டியில் இருந்தார்கள். மூன்று வேளையும் புழு. ஆலங்கட்டி கண்ணாடி வழியாக, "என்னம்மா, இன்னும் வெயில்லயே நிக்கிற? நாங்க ஹாஸ்டல்ல சேந்து ரெண்டு வாரம் ஆச்சு" என்று கையாட்டினார்.

இருபதாம் நாள் படிவத்தின் கடைசிக் கேள்விக்கு வந்தார்கள். 'பல்கலைக்கழகத்தில் உறவினர் எவரேனும் உளரா?' மழைச்செல்வி நிமிர்ந்து நின்று எழுதினாள்: 'சித்தப்பா. அருங்காட்சியகம், மூன்றாம் தட்டு.'

ஆமை பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தது. முதல்முறையாக அதன் குரலில் மரியாதை வந்தது. "பன்னெண்டு வருஷ சர்வீஸ். ஒரு நாள்கூட லீவு இல்ல. இந்த ஆபீஸ்லயே இப்படி ஒருத்தர் கிடையாதும்மா." பணியாளர் வாரிசு ஒதுக்கீட்டில் சீட்டு கிடைத்தது. அடையாள அட்டை கழுத்தில் ஏறியது. சிபாரிசு என்பது இதுதான். செய்கிறவர் வாயைத் திறக்கவே வேண்டாம்.

முதல் செய்முறை வகுப்பு. பேராசிரியர் சாரைப்பாம்பு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வந்தது. வகுப்பு முடிந்ததும் மதிய உணவு என்பதால் அதற்கு அன்று தனி உற்சாகம். மேஜைகளில் எட்டுத் தட்டுகள். மழைச்செல்வியின் தட்டில் ஆலங்கட்டி மல்லாந்து கிடந்தார். நான்கு கைகால்களுக்கும் குண்டூசி காத்திருந்தது.

ஆலங்கட்டி அவள் கழுத்தில் இருந்த அட்டையைப் பார்த்தார். அவள் கையிலிருந்த கத்தியைப் பார்த்தார். "ஏம்மா, வரிசையில உனக்கு முன்னாடி வந்தது நாங்கதானே?" என்றார்.

"ஆமாண்ணே. நீங்க முன்னாடிதான்."

"அப்ப உனக்கு மட்டும் எப்படி அட்டை?"

மழைச்செல்வி கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள். "ஐயா, இந்த எட்டும் அட்டெஸ்ட் ஆகல. பச்சை மைக் கையெழுத்து இல்லாம அறுத்தா நாளைக்கு விசாரணை வரும்."

சாரைப்பாம்பு எச்சில் விழுங்கியது. ஓய்வு பெற இன்னும் இரண்டே வருஷம். எட்டுத் தட்டுகளையும் ஒருமுறை ஆசையோடு பார்த்தது. பின்பு நெஞ்சு விம்ம, "திருப்பி அனுப்புங்க" என்றது. அந்த வகுப்பில் படம் வரைந்து பழகினார்கள்.

எட்டுப் பேரும் குளத்துக்குத் திரும்பினார்கள். மழைச்செல்வியைத் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள் என்று நினைக்கிறீர்களா? "எல்லாம் முடிஞ்சு மேஜை வரைக்கும் போயிட்டேன், கடைசி நிமிஷத்துல இந்தப் பொண்ணு புகுந்து கெடுத்துட்டா" என்று ஆலங்கட்டி பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி அழுதார். தனக்கும் அப்படித்தான் ஆனது என்று கார்மேகம் அவரோடு சேர்ந்து அழுதார்.

மழைச்செல்வி மூன்று வருஷம் படித்தாள். தினமும் காலையில் மூன்றாம் தட்டுக்குப் போய், "சித்தப்பா, வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் வகுப்புக்குப் போவாள். பட்டத்தோடு ஊருக்கு வந்தபோது குளமே கூடி, "என்னம்மா கண்டுபிடிச்ச?" என்று கேட்டது.

"வால் எங்கயும் போகல. கால் வளர்றதுக்காக நம்ம உடம்பே அதக் கரைச்சுத் தின்னுடுச்சு" என்றாள்.

"இதுக்கா மூணு வருஷம்?" என்றது நண்டு.

அந்த ஆண்டு குளத்தில் பதினோரு பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பு தேறின. ஆலமரத்தடிப் பல்கலைக்கழகம் வேண்டவே வேண்டாம், அங்கே நம்ம பெண்ணே ஆளைத் திருப்பி அனுப்புகிறாள் என்று பெற்றோர் முடிவு செய்தார்கள். ஓணானைக் கேட்டார்கள். அது தலையை ஆட்டியது. வழியில் நின்று மறித்த மழைச்செல்வியைத் தாண்டிக்கொண்டு, பதினோரு பேரும் ஆற்றங்கரை நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்குப் போனார்கள். அங்கே வரிசையே இல்லை. போட்டோகூடக் கேட்கவில்லை. வேந்தரே வாசலுக்கு வந்து, வாயெல்லாம் பல்லாக வரவேற்றார்.

ஒருவர்கூடத் திருப்பி அனுப்பப்படவில்லை.

நீதி: எரிந்து விழுந்து நாளைக்கு வா என்கிற குமாஸ்தா நமக்கு ஒரு நாள் ஆயுளைக் கூட்டித் தருகிறார். சிரித்து வரவேற்கும் இடத்துக்குப் போக நேர்ந்தால், நான்கு போட்டோவில் ஒன்றை வீட்டிலேயே மறந்துவிட்டுச் செல்க.